மலையில் தண்ணீர் குடிக்காத பெண்கள்

உங்கள் சுகாதார நிலையத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறீர்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கையில் தம்ளரோடு ஒரு பெண் சிரிக்கிறாள். பின்னால் தேயிலை மலைகூட வரைந்திருக்கிறார்கள். புதிதாகப் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டீர்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது. ஆகவே கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருப்பது பொய் இல்லை. தண்ணீர் குடிக்க வேண்டும், காலையில் வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும், கீரை சாப்பிட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். நானும் என் காலம் முழுக்க இதையேதான் சொன்னேன். இந்தப் பழக்கங்களுக்கெல்லாம் செலவே இல்லை, மனசு வைத்தால் போதும் என்று பேசுகிறார்களே, அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் குடிக்க நேரம் வேண்டும். குடித்த பிறகு போவதற்கு ஒரு மறைவு வேண்டும். "போய்விட்டு வருகிறேன்" என்றால் ஏசாமலிருக்க ஒரு மேலாள் வேண்டும். நான் வேலை செய்த நாளில் தோட்டத்துப் பெண்களுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொல்லப்போவதில்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துத் தமிழர்களான எங்கள் ஆட்களின் ஓட்டுரிமையைப் பறித்துக்கொண்ட பிறகு வந்த வருடங்கள் அவை. ஓட்டே இல்லாதவர்கள் வாயைத் திறந்தால் யார் காது கொடுக்கப்போகிறார்கள்? நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். அட்டனில் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் பயிற்சி எடுத்து, மருத்துவமாதாகத் திரும்பி வந்திருந்தேன். டிஸ்பென்சரியில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். மருந்து கலக்கிக் கொடுப்பவர்தான், டாக்டர் இல்லை. ஆனால் தோட்டமே அவரை டாக்டரையா என்று கூப்பிட்டது. அவரும் அதைத் திருத்தப் போகவில்லை.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். நடுவயதுப் பெண்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேச வந்தவர். வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் வைத்தோம். அந்த அம்மா நல்லவர். அன்பாகத்தான் பேசினார். தினமும் பழம் சாப்பிடுங்கள் என்றார். பால் குடியுங்கள் என்றார். "சாயங்காலத்தில் அரை மணி நேரம் காற்றாட நடந்துவிட்டு வந்தால் உடம்பு இளகும்" என்றும் சொன்னார். விடிந்ததிலிருந்து செங்குத்தான மலையில் முதுகில் கூடையோடு ஏறி இறங்கியவர்கள் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மா என்ற ஒருத்தி மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

கொழும்பு அம்மாவுக்கு மலை தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்தில் நின்ற டாக்டரையாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் அந்த அம்மா தண்ணீர் விஷயத்துக்கு வந்தார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி குடியுங்கள் என்றார். அப்போது செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வயதுப் பெண்கள் இன்னும் சிலரும் குனிந்தார்கள். பாலுக்கும் பழத்துக்கும் குனியாத தலை தண்ணீருக்கு ஏன் குனிந்தது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

செல்லாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பல பிள்ளைகளைப் பெற்று ஒன்றை மட்டும் வளர்த்தவள். அந்த ஒன்று லெட்சுமி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பெண். செல்லாயி கொழுந்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். அதிகம் பேசமாட்டாள். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள்.

மாசி மாதம், மழை ஓய்ந்து வெயில் பிடித்திருந்த நேரம். கொழுந்து கொட்டும் காலம் என்பதால் மேல்மலையில் எல்லோரையும் விரட்டி விரட்டி வேலை வாங்கினார்கள். அந்த மலை, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெகுதூரம். மற்ற மலைகளில் மத்தியானம் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் வீட்டுக்கு வந்துபோவார்கள். மேல்மலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். அங்கேதான் செல்லாயி முதல்முறை மயங்கி விழுந்தாள். கம்பளியில் படுக்க வைத்து ஆண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பார்த்தபோது உதடு வெடித்து, நாக்கு உலர்ந்து கிடந்தது.

"வெயில். ஒடம்புல ரத்தமும் இல்ல. வயசாச்சுல்ல" என்றார் டாக்டரையா. சிவப்புக் கலவையை ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வட்டவளை வெயில் என்ன பெரிய வெயிலா? கம்பளி போர்த்திக்கொண்டு காய வேண்டிய வெயில். அதில் ஒரு பெண் சுருண்டு விழுந்தால் வெயிலைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? நான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிரசவம் பார்ப்பதுதான் உங்கள் வேலை என்றார்.

மறுபடியும் விழுந்தாள். இந்தமுறை பள்ளத்தின் விளிம்பில். உருண்டுபோய் ஒரு தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டாள். அந்தச் செடி இல்லையென்றால் கீழே பாறைதான். மண்டையில் காயம். மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா அன்று டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார்.

"அடுத்த வாட்டி இவ பள்ளத்துல போய்ச் சேருவா. நாந்தான் தொரைக்குப் பதில் சொல்லணும்" என்றார். "வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிக் குடுங்க. பேர வெட்டிர்றேன்."

பேரை வெட்டுவது என்றால் என்னவென்று உங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேர் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. செல்லாயியின் பேரை வெட்டினால் அந்தக் காம்பராவைக் காப்பாற்ற ஒரே வழி, லெட்சுமியின் படிப்பை நிறுத்தி மலைக்கு அனுப்புவது. கண்டாக்கையாவும் அதைத்தான் தாராள மனசோடு சொன்னார். "மக இருக்கால்ல, அவ பேரப் போட்டுக்கலாம்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உபகாரம் செய்கிறவரின் களை இருந்தது.

டாக்டரையா உடனே எழுதவில்லை. பெண்ணின் உடம்பைச் சோதித்துப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். தன் தலையில் எதுவும் விழக்கூடாது என்ற கணக்குத்தான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் நான் மேல்மலைக்கு ஏறினேன்.

காயத்துக்குக் கட்டுப் போட்ட தலையோடு செல்லாயி கொழுந்தெடுக்கும் நிரையில் நின்றாள், கங்காணி கீழே நின்று வேலையை விரட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் படுக்கக்கூட அவளுக்குப் பயம். நடுக்காலையில் வாளியில் பால் விடாத தேநீர், சாயத்தண்ணி, வந்தது. பெண்கள் சிரட்டையில் வாங்கிக் குடித்தார்கள். செல்லாயி வாங்கினாள், ஆனால் குடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப்பெண்ணிடம், "நீ குடிடி, எனக்கு வேணாம்" என்று நீட்டினாள். சுற்றிப் பார்த்தேன். அவள் வயதுப் பெண்கள் பலரும் அதையேதான் செய்தார்கள். ஒருத்தி வாயை நனைத்துவிட்டு மிச்சத்தைச் செடியடியில் ஊற்றினாள். பார்க்கிறவர்களுக்கு அது மூத்தவர்களின் பெருந்தன்மை மாதிரி இருக்கும். எனக்கும் அதுநாள்வரை அப்படித்தான் இருந்தது.

"ஏன் குடிக்கலை?" என்று கேட்டேன்.

"தாகம் இல்லீங்கம்மா" என்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அந்த வார்த்தையே சரியாக வரவில்லை.

சாயங்காலம் அவளை டிஸ்பென்சரியின் உள்ளறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினேன். சோதித்துப் பார்த்தேன். கருப்பை இறங்கியிருந்தது. பிள்ளை பெற்ற சில நாளிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறியவளுக்கு இறங்காமல் என்ன செய்யும்? மெல்ல மெல்லக் கேட்டதும் அழுதாள்.

"அடி தள்ளுதும்மா. இருமினா நிக்க மாட்டேங்குது. கொஞ்சூண்டு தண்ணி குடிச்சாலும் போகணும்னு இருக்கு. எங்க போறது? நெரையில ஒரு தல கொறஞ்சாலும் கங்காணி பேரச் சொல்லிச் சத்தம் போடுவாரு. மழைக்காலத்துல கவலையில்ல. இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு எப்பவும் நனைஞ்சே கெடக்கும், ஒண்ணும் தெரியாது. வெயில்ல தெரிஞ்சுரும்லம்மா? அதான், விடிஞ்சதுலேர்ந்து ஒண்ணும் வாயில ஊத்துறதில்ல. ரொட்டியும் திங்கிறதில்ல, தின்னா விக்கும்."

மழைக்காலத்தில் விழாத பெண் வெயில்காலத்தில் விழுவதற்குக் காரணம் இதுதான். ஏசுவதற்கு ஒரு ஆள் இருந்தார், மறைவுக்கு ஒரு சாக்குத் துணி இல்லை. இந்த இரண்டினால் ஒரு தோட்டத்துப் பெண்களே வற்றிப்போய்க்கொண்டிருந்தார்கள், நாங்கள் சிவப்புக் கலவை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

போகும்போது செல்லாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தாலும் யார்கிட்டயும் சொல்லிராதீங்கம்மா. எம் மகளக் கட்டிக்குடுக்கணும்." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிள்ளைகளே, இங்கேதான் நம் வேலையின் கஷ்டமான இடம் வருகிறது. உண்மையைச் சொன்னால் அவள் வேலை தப்பலாம், மானம் போகும். சொல்லாவிட்டால் மானம் தப்பும், வேலை போகும். என்னைப் பயிற்றுவித்த வார்டில் ஒரு பெரிய சிஸ்டர் இருந்தார். நோயாளி மறைக்கச் சொன்னதை மறைத்துவிடு, ஆனால் மறைத்ததோடு வீட்டுக்குப் போய்விடாதே என்பார். அப்போது புரியாமல் தலையாட்டியிருந்தேன்.

இரண்டு நாளில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னையும் டாக்டரையாவையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கண்டாக்கையாவும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் ஏவுவதற்காகப் படித்த தமிழ், வா போ எடு நிறுத்து என்பதைத் தாண்டினால் தடுமாறும்.

"செல்லாயி. என்ன வியாதி? சொல்" என்றார்.

"செல்லாயிக்கு வேலைக்கு லாயக்கில்லாத வியாதி எதுவும் இல்லைங்க, துரை" என்றேன். "மேல்மலைக்குப் போற நாப்பது வயசுப் பொம்பளைங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்லை. ஏன்னா ஒண்ணுக்குப் போக எடமில்லை."

கிளாக்கர் பேனாவை வைத்துவிட்டார். கண்டாக்கையா தன் கால் சப்பாத்தையே பார்த்தார். டாக்டரையாதான் முதலில் வாயைத் திறந்தார். "இதெல்லாம் ஆபீசுல பேசற பேச்சா?" என்றார். ஒரு பெண் பாறையில் உருண்டு சாவதைப் பற்றி ஆபீசில் பேசலாம், அவள் ஒன்றுக்குப் போவதைப் பற்றிப் பேசக்கூடாது. நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் ஒரு ஆளைப் பத்திச் சொல்லலை, துரை. எல்லாரையும் பத்திச் சொல்றேன். மேல்மலைக்கு ஏறுனா நானும் குடிக்கிறதில்லை. நாலு கம்பு நட்டு, சாக்குக் கட்டிக் குடுங்க. போய்ட்டு வந்தா ஏசக்கூடாதுன்னு கங்காணிக்குச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

துரையின் முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். "மலை எல்லாம் காடு. போ. யார் வேணாம் சொன்னது?" என்றார். கண்டாக்கையாவும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பேரை வெட்ட வேண்டிய காரணம் என்று நான் எதையும் சொல்லாததால் டாக்டரையாவால் எழுத முடியவில்லை. கடைசியில் துரை ஒரு கிழமை, ஏழு நாள், தவணை கொடுத்தார். "மறுபடி விழுந்தா, பேர் வெட்டு."

அன்று மாலையே செல்லாயியின் காம்பராவுக்குப் போனேன். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. லெட்சுமி வெளித்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் துரை சொன்னதைச் சொன்னேன். செய்ய வேண்டியதையும் சொன்னேன். காலையில் மற்றவர்களுக்கு ரொட்டி சுடும்போதே முதல் ரொட்டியை நீ உட்கார்ந்து தின்றுவிடு. நின்றுகொண்டு தின்றால் பாதியில் எழுந்து போவாய். பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகுமுன் ஒரு செம்பு தண்ணீர் குடி. மலையிலும் குடி. லயத்தைச் சுற்றி முளைக்கிற கீரையை எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியைக் கழுவாதே, உனக்கென்று ஒரு கை எடுத்து வை. அப்புறம் ஒரு பயிற்சி, கொழுந்து எடுத்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவதுபோல இறுக்கிப் பிடி, மெல்ல விடு. நாலைந்து செடிக்கு ஒருமுறை செய்தாலும் போதும், போகப்போக அடி பலப்படும். முற்றிலும் மாறாது, ஆனால் மட்டுப்படும்.

எல்லாம் கேட்டாள். பயிற்சியைப் பற்றிக் கேட்டபோது முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் தண்ணீர் மட்டும் முடியாது என்றாள்.

"ஒரு கெழமதானேம்மா? பல்லக் கடிச்சுக்கிட்டு விழாம நின்னுர்றேன். இன்னும் கொஞ்சம் கொறச்சுக்கிட்டா—"

"இன்னும் குறைச்சா செத்துப்போவே!" என்று கத்திவிட்டேன். "ஒண்ணுக்குப் போறது என்ன திருட்டா? உசிரு பெரிசா, கங்காணி வாய் பெரிசா?"

கத்தியிருக்கக்கூடாது. லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. மேலே திறந்தே இருக்கும். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். செல்லாயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் காம்பராவில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காளியம்மாவின் குரல் வந்தது. கொழும்பு அம்மாவின் கூட்டத்தில் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு இல்லை.

"எனக்கும் அப்பிடித்தான் அக்கா. கடேசிப் பிள்ளைக்கு அப்புறம்."

செல்லாயி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கும் அடுத்த காம்பராவிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "எனக்கும்." யாரென்று எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியாததால்தான் அவர்களால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். கோடியிலிருந்து யாரோ, "நான் ரெண்டு வருசமா வெயில்ல பச்சத்தண்ணி தொட்டதில்ல" என்றாள். ஒரே கூரையின் கீழ், பக்கத்தில் பக்கத்தில் படுத்து எழுந்த பெண்கள், ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்காக நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

காளியம்மா சுவரைச் சுற்றி ஓடிவந்தாள். "இந்தாக்கா, ஒரு ஆளு போனாத்தானே கங்காணி பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு? நெரையே போனா யாரு பேரச் சொல்லுவாரு?" என்றாள்.

அவ்வளவுதான். கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை. மறுநாள் காலையில் நானும் மேல்மலைக்குப் போனேன். சாயத்தண்ணி வாளி வந்தது. காளியம்மா சிரட்டை நிறைய வாங்கி எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தாள். அடுத்தவள் குடித்தாள். செல்லாயியும் குடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கொழுந்து எடுத்தார்கள். பிறகு காளியம்மா கூடையை இறக்கி வைத்தாள். வரிசையாக எல்லாக் கூடையும் இறங்கின. சின்னப்பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தார்கள். சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு சிலர் நிற்க, மற்றவர்கள் மறைவில் உட்கார்ந்தார்கள்.

கங்காணி கீழேயிருந்து, "ஏய்! என்னா நடக்குது?" என்று கத்தினார்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க மாமா" என்று காளியம்மா குரல் கொடுத்தாள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு விளங்கிவிட்டது போலிருக்கிறது. திரும்பி நின்று எதிர்மலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

கெட்ட நேரம், அப்போது கண்டாக்கையா வந்து சேர்ந்தார். மலையில் ஒரு தலை இல்லை. கூடைகள் மட்டும் நிற்கின்றன. கங்காணி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தொழிற்சங்கம் என்ற பேச்சைக் கேட்டாலே ஆபீஸ் நடுங்கிய காலம். "ஸ்ட்ரைக்!" என்று கண்டாக்கையா முடிவே பண்ணிவிட்டார். துரை அடுத்த மலை ரோட்டில்தான் இருந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஏறி வந்தது.

பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டார்கள். ஓடைக்குள் யாரும் அசையவில்லை. நான் முன்னால் போய்ப் பதில் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். துரை வண்டியை நிறுத்தி, "என்ன இது? யார் வேலை நிறுத்தினது?" என்று கத்தினார். கண்டாக்கையா என்னைக் கைகாட்டினார்.

செல்லாயி ஓடையிலிருந்து வெளியே வந்தாள். தனியாகத்தான் வந்தாள். தலையில் அந்தக் கட்டு, கையில் சாக்கு. யாரோடும் உரக்கப் பேசாதவள், என்னைத் தாண்டிப் போய்த் துரைக்கு நேரே நின்றாள்.

"ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றோம் தொரை" என்றாள். "யாரும் வேல நிறுத்தல. ஒடம்பு நனையிது, அதுனால தண்ணி குடிக்காமக் கெடந்தேன், அதுனாலதான் விழுந்தேன். இனிமே குடிப்பேன். குடிச்சா போவேன்."

அது மலை முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அவள் பின்னால் நின்றார்கள். துரைக்கு அந்த இடத்துக்கு ஏற்ற தமிழ் இருக்கவில்லை. கண்டாக்கையாவைப் பார்த்தார், கங்காணியின் முதுகைப் பார்த்தார், "கொழுந்து எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். செல்லாயி கூடையை மாட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினாள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கிழமை அவள் விழவில்லை. அதற்குப் பிறகும் விழவில்லை. லெட்சுமி பள்ளிக்கூடத்திலிருந்து நிற்கவில்லை. காலையில் முதல் ரொட்டியை உட்கார்ந்து தின்கிற வழக்கம் அந்த லயத்துப் பெண்களிடம் மெல்லப் பரவியது. புருஷன்மார் சிலர் முகம் சுளித்தார்கள், சுளித்தால் சுளிக்கட்டும். கொழுந்து எடுத்துக்கொண்டே செய்யும் அந்தப் பயிற்சியைக் காளியம்மா எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். நான் சொன்னதைவிட அவள் சொன்னது விரசமாக இருந்தது, ஆனால் நன்றாகவே விளங்கியது.

ஆகவே ஒரு பெண்ணுக்கு நல்ல பழக்கம் சொல்லப் போகுமுன், அவள் இத்தனை நாள் ஏன் அதைச் செய்யவில்லை என்று கேளுங்கள். சோம்பல், அறியாமை என்று யாராவது பதில் சொன்னால் நம்பாதீர்கள். அவள் போகிற இடத்துக்குப் போய், அவள் நிற்கிற இடத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். அவள் சொல்லவேண்டாம் என்றால் அவள் பேரைச் சொல்லாமல் எல்லோருக்குமாகச் சண்டை போடுங்கள். மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் இடத்தை விட்டு நகராதீர்கள்.

மேல்மலைக்கு நாலு கம்பும் சாக்கும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும் வந்து சேர்ந்தன. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருநாள் காலையில் பார்த்தால் நட்டிருந்தது. நான் சந்தோஷத்தோடு கண்டாக்கையாவிடம் போய், மற்ற மலைகளுக்கும் இப்படியே எப்போது வரும் என்று கேட்டேன்.

அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

"அங்கெல்லாம் எதுக்கும்மா?" என்றார். "அங்க இன்னும் யாரும் விழலையே."